தாடி தந்த பாடம்

கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் என்ற முறையில் சங்கச் செய்யுளைப் பற்றியோ சைவத் திருமுறைகளைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்தகைய கட்டுரைகள் இம்மலரிலே குறைவின்றி இருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. நாமோ தாடியைப் பற்றி எழுதத் துணிந்தோம். பழைய மாணவர்கள் நகைக்கலாம். இன்றைய மாணவர்கள் தம் மேலுதட்டைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். எனினும் நகைப்புக்காக இதனை எழுதவில்லை. இக்கல்லூரி வாயிலிலே நாம் பட்ட கடன் ஒன்றுண்டு. அதனை இக்கல்லூரியின் மலரிலேயே தீர்த்தல் முறையெனக் கருதினோம். அக்கடனை எமக்கு உணர்த்தியது, அந்நிய நாடொன்றிலே முப்பத்தொரு நாள் எம் முகத்தில் வளர்ந்த தாடியாகும்.

2013 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு யப்பானிய அரசாங்கம் வழங்கும் பயிற்சிப் புலமைப்பரிசில் பெற்று நாம் அந்நாட்டுக்குச் சென்றோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரமன்றி வேறு பட்டம் எதுவும் பெறாத எமக்கு, ஒன்றரை ஆண்டுக் காலம் ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்து கற்பித்தல் முறைகளை ஆராயும் வாய்ப்பு எதிர்பாராத பேறாயிற்று. முதல் ஆறு மாதமும் மொழிப் பயிற்சியிலே கழிந்தன. ஐம்பது வயதுப் பண்டிதரும் அரிச்சுவடி படிக்கும் பாலகராவதற்கு வழி, அயல்மொழி ஒன்றைக் கற்கத் தொடங்குவதே என்பார்கள். முப்பத்து நான்கு வயதில் நாம் அந்நிலையை அடைந்தோம்.

அதன்பின் புதன்கிழமைதோறும் அந்நகரத்து ஆரம்ப பாடசாலை ஒன்றுக்குச் சென்று பணிபுரியுமாறு எம்மைப் பணித்தனர். அந்நாட்டு ஆசிரியர்களிடம் மிகச் சிறந்த வழக்கம் ஒன்றுண்டு. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். ஏனைய ஆசிரியர்கள் வகுப்பறையின் பின்புறத்தில் நின்று, எப்பிள்ளை எவ்விடத்தில் இடர்ப்பட்டது, எப்போது அதன் முகம் மலர்ந்தது என்று குறித்துக்கொள்வர். பாடம் முடிந்ததும் எல்லோரும் ஒருங்கிருந்து அதனை ஆராய்வர். கற்பித்தவரைக் குறை கூறுதல் நோக்கமன்று. பிள்ளையை அறிதலே நோக்கம். அக்கூட்டங்களில் நாமும் அமர்ந்திருந்தோம். சிற்சில வேளைகளில் எமது நாட்டைப் பற்றியும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம்.

அப்பாடசாலையில் ஆண் ஆசிரியர் எவரது முகத்திலும் ஒரு மயிரும் காணப்படவில்லை. வீதியிலே கண்ட வங்கி ஊழியரும், புகையிரத நிலையத்தில் வெள்ளைக் கையுறை அணிந்து நின்ற உத்தியோகத்தரும் அவ்வாறே இருந்தனர். அலுவலகம் செல்லும் ஆடவர் நாள்தோறும் முகம் மழித்துச் செல்வது அங்கே எழுதாத சட்டம். சில இடங்களில் எழுதிய சட்டமும் ஆயிற்று. குன்மா மாகாணத்தைச் சேர்ந்த இசேசாக்கி மாநகரசபை, தன் ஊழியர் தாடி வைத்தலாகாதென்று 2010 ஆம் ஆண்டில் விதித்தது. மழிக்காத முகம் பொதுமக்களுக்கு மரியாதைக் குறைவு என்பதே அவர்களது கருத்து.

இதிலே எமக்கு வியப்பளித்தது ஒன்று. அந்நாளில் நாம் கடைதோறும் நீட்டிய ஆயிரம் யென் தாளிலே, மருத்துவ ஆராய்ச்சியாளர் நொகுச்சி ஹிதேயோ அடர்ந்த மீசையுடன் வீற்றிருந்தார். 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த புதிய தாளிலே இடம்பெற்ற கித்தசாத்தோ ஷிபசபுரோ என்னும் அறிஞரும் மீசை உடையவரே. விசாரித்தபோது, காலந்தோறும் அந்நாட்டின் முகமும் மாறி வந்துள்ளமை தெரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தொக்குகாவா ஆட்சியாளர் பெருந்தாடியை விலக்கினர்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேனாட்டு நாகரிகத்தை மேற்கொண்ட மெய்ஜிச் சக்கரவர்த்தி, தாமே தாடியும் மீசையும் வளர்த்தார்; பின்னர் அலுவலக நாகரிகம் வந்து அவற்றை மீண்டும் மழித்தது. பிரித்தானியர் கதையும் இத்தகையதே. தம் படைவீரர் மேலுதட்டை மழிக்கலாகாதென்று அவர்கள் வைத்திருந்த விதி, முதலாம் உலக யுத்தத்தின் நடுவே 1916 ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. ஆகவே முகமயிர் ஒழுங்கோ ஒழுங்கின்மையோ என்பதை முகம் தீர்மானிப்பதில்லை. காலமும் இடமும் தீர்மானிக்கின்றன.

நாமும் அவ்விடத்து வழக்கத்துக்கு இணங்கி, கல்லூரி நாள் முதல் வைத்திருந்த மீசையையும் மழித்து நடந்துகொண்டோம். ஊரோடு ஒத்து வாழ்தலில் இழிவு ஏதும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

2014 ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஓர் இரவிலே, ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எம் தந்தையார் சிவபதம் அடைந்துவிட்டார். நாம் மூத்த மகன். கொள்ளி வைக்கும் கடமை எம்முடையது. உடனே புறப்பட்டாலும் கொழும்பு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சேர இரண்டு நாளுக்கு மேலாகும். அன்னையார் தழுதழுத்த குரலிலே, “ராசா, நீ வந்து சேருறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சிடும். தம்பி செய்யட்டும். ஐயா விரும்பின படிப்பை முடிச்சுக்கொண்டு வா” என்றார். தம்பியே கொள்ளி வைத்தான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஒரு சிறு அறையில், தந்தையாரின் படமும் இல்லாமல், தேவார ஏடொன்றை மடியில் வைத்துக்கொண்டு அவ்விரவைக் கழித்தோம்.

நமது வழக்கம் வாசகர்கள் அறிந்ததே. பெற்றோர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்குக் காப்போம். அந்தியேட்டி முடியும் வரை புதல்வர் சவரஞ் செய்துகொள்வதில்லை. கொள்ளி வைக்கவும், காடாற்றவும், எட்டுச் செலவிலே படையல் வைக்கவும் கிட்டாத மகனுக்குச் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்தது இது ஒன்றுதான். அதனையாவது விடாது செய்வோம் என்று உறுதி பூண்டோம். சவரக்கத்தியைத் துணியிலே சுற்றிப் பெட்டியின் அடியிலே வைத்தோம்.

முதற் புதன்கிழமை எவரும் எதுவும் கூறவில்லை. அடுத்த புதன்கிழமை தாடி நன்கு தெரியத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். மதிய உணவுக்குப் பின், பிரதி அதிபர் எம்மைத் தமது அறைக்கு அழைத்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, மிகக் குறைவாகப் பேசும் மனிதர். தேநீர் வார்த்து எம்முன் வைத்தார். சிறிது நேரம் மழையைப் பற்றிப் பேசினார். கற்பிப்பவர் முகம் மழித்து வருவதைப் பெற்றோர் எதிர்பார்க்கின்றனர் என்பதைப் பின்னர் மெல்ல எடுத்துரைத்தார். ‘இனி வருவது கட்டளை’ என்று எண்ணி நாம் மனத்தை இறுக்கிக்கொண்டோம். அவரோ, “ஆசிரியரே, இதற்கு ஏதேனும் காரணம் உண்டோ?” என்று வினவினார்.

இவ்வொரு வினாவை நாம் எதிர்பார்க்கவில்லை. எமக்குத் தெரிந்த அரைகுறை யப்பானிய மொழியிலே, தந்தையார் காலமானதையும், ஊர் செல்ல இயலாமற்போனதையும், முப்பத்தொரு நாள் விரதத்தையும் தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அவர் எழுந்து நின்று எமக்குத் தலை தாழ்த்தினார். பின்னர் அமர்ந்து, தம் நாட்டுப் பௌத்த மக்களும் ஏழு நாளுக்கு ஒரு முறையாக நாற்பத்தொன்பதாம் நாள் வரை இறந்தவருக்குக் கடன் செய்வர் என்றும், துக்கம் நிகழ்ந்த வீட்டார் அவ்வருடம் புத்தாண்டு வாழ்த்து மடல் அனுப்புவதில்லை என்றும் கூறினார். முற்காலத்து வீரக் குடியினர் துக்க காலத்திலே தலையின் முன்புறத்தையும் முகத்தையும் மழிக்காது விட்டனர் என்றும், அவ்வழக்கம் தம் மக்களிடத்தில் இப்போது அற்றுப்போயிற்று என்றும் சொன்னார். “நாளைக் காலைக் கூட்டத்திலே ஏனைய ஆசிரியர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு அவர்களது வகுப்பாசிரியர் சொல்வார். நீங்கள் விரதத்தை நிறைவு செய்யுங்கள்” என்று முடித்தார்.

நாம் நன்றி கூறி வெளியே வந்தோம். நடைக்கூடத்திலே சில அடி தூரம் நடந்ததும் எம் கால்கள் நின்றுவிட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் இக்கல்லூரி வாயிலிலே நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. இனி அதனைச் சொல்லத்தான் வேண்டும்.

2010 ஆம் ஆண்டு. உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. ஒழுக்காற்றுப் பொறுப்பு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. காலைப் பிரார்த்தனைக்கு முன்னர் வாயிலிலே நின்று, நீண்ட தலைமயிருடனும் மழிக்காத முகத்துடனும் வருபவரைத் தடுத்து நிறுத்துவோம். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உறவினர் வீட்டிலே தங்கிப் படித்த மாணவர் ஒருவர் அன்று தாடியுடன் வந்தார். நாம் அவரை நிறுத்தி, “தம்பி, இது பாடசாலையோ, சந்நியாசி மடமோ?” என்று உரத்த குரலிலே கேட்டோம். சூழ நின்ற மாணவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பு எமக்கு உவப்பாயிருந்தது என்பதையும் மறைக்காது சொல்லுகின்றோம். “போய் மழிச்சுக்கொண்டு வாரும்” என்று அனுப்பினோம். அவர் எதுவும் பேசாது சென்றார். அரை மணி நேரத்திலே மழித்த முகத்துடன் வந்து, எம்முன் ஒரு கணம் நின்று, வகுப்புக்குச் சென்றார்.

இடைவேளையின்போது ஆசிரியர் அறையிலே அவரது வகுப்பாசிரியர் எம் அருகே வந்து அமர்ந்தார். “மாஸ்ரர், அந்தப் பிள்ளையின் தகப்பனார் காலமாகி இன்னும் பதினைந்து நாளும் ஆகவில்லை. பரீட்சை நெருங்கியபடியால் தாய்தான் பாடசாலைக்கு அனுப்பியிருக்கிறார்” என்றார்.

அன்றே சென்று அம்மாணவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று எண்ணினோம். நாளை, நாளை என்று நாள்கள் கழிந்தன. பரீட்சை வந்தது, முடிந்தது, அவர் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற தயக்கமும் எம்முள்ளே இருந்தது. அத்தயக்கத்துக்கு நாம் அப்போது இட்ட பெயர் மதிப்பு; இப்போது அதற்குத் தகுந்த பெயர் கோழைத்தனம் என்று அறிகின்றோம்.

அவர் ஏன் காரணத்தைச் சொல்லவில்லை என்று அக்காலத்தில் எம்மை நாமே தேற்றிக்கொண்டதுண்டு. யப்பானியப் பாடசாலையின் நடைக்கூடத்திலே நின்றபோது அத்தேறுதலும் அகன்றது. ஆசிரியருக்கு எதிர்ச்சொல் பேசாதிருத்தலே நல்லொழுக்கம் என்று அவருக்குக் கற்பித்தோர் நாமே அல்லவா? கற்பித்ததை அவர் கடைப்பிடித்தார். எம்மை வினவியவர் வேற்று நாட்டவர், வேற்று மொழியினர். எம் வழக்கத்தை அறியாதவர். அம்மாணவரை வினவாது அனுப்பிய நாமோ அவரது ஊரவர், அவரது மொழியினர். அதே முப்பத்தொரு நாளைக் காக்கும் சைவர். அறியாதவர் கேட்டறிந்தார், அறிந்திருக்க வேண்டிய நாம் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை ஐந்தாம் வகுப்புக்குச் சென்றோம். பிள்ளைகள் எழுந்து வழமையினும் தாழ்ந்து வணங்கினர். பாடம் முடிந்ததும் ஒரு சிறுவன் எம்மிடம் வந்தான். முன்னைய ஆண்டு தன் பாட்டனார் இறந்தார் என்றும், சில நாளுக்குள் தன் தந்தையார் முகம் மழித்து அலுவலகம் சென்றுவிட்டார் என்றும் சொல்லி, “அப்பாவுக்குத் துக்கம் இல்லையோ?” என்று கேட்டான். எமது தாடி, அறியாமலே ஒரு பிள்ளையின் உள்ளத்திலே தன் தந்தையைப் பற்றிய ஐயத்தை விதைத்துவிட்டதை உணர்ந்து திடுக்கிட்டோம். “உன் அப்பாவுக்கும் துக்கம் உண்டு. எங்கள் ஊரிலே அதனை முகத்திலே வைப்போம். உங்கள் ஊரிலே அதனை உள்ளே வைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பாட்டனாரைப் பற்றிக் கேட்டுப் பார்” என்றோம். அவன் தலையசைத்துச் சென்றான். அடுத்த வாரம் வந்து, அப்பா இரவு வெகுநேரம் பாட்டனாரைப் பற்றிப் பேசினார் என்று மட்டும் சொன்னான்.

திருவள்ளுவர் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளிலே, உலகம் பழிப்பனவற்றை விலக்கி ஒழுகுபவர்க்கு மயிரைக் களைதலாகிய வேடமும் வேண்டியதில்லை, வளர்த்தலாகிய வேடமும் வேண்டியதில்லை என்கின்றார். அதனை எத்தனையோ ஆண்டு வகுப்பிலே பதவுரை, பொழிப்புரை கூறிப் படிப்பித்தோம். அதன் பொருள் ஓர் அந்நியச் சிறுவனின் வினாவிலேதான் எமக்கு விளங்கிற்று. மழித்த முகம் ஒழுக்கத்துக்குச் சான்றுமன்று. மழிக்காத முகம் துக்கத்துக்கு அளவுமன்று.

முப்பத்தோராம் நாள் ஒரு சனிக்கிழமை. தம்பி கீரிமலையிலே அந்தியேட்டிக் கிரியைகளை முடித்து, அங்கிருந்தே எம்மை அழைத்தான். அங்கே காலை எட்டு மணி. எமக்கு முற்பகல் பதினொன்றரை. தொலைபேசியிலே கடலலையின் ஓசையும் ஐயரின் குரலும் கலந்து கேட்டன. அழைப்பு முடிந்ததும் பெட்டியின் அடியிலிருந்து சவரக்கத்தியை எடுத்து, தாடியை மழித்து, தலை முழுகினோம். கண்ணாடியிலே தெரிந்த முகம் எம் தந்தையாரின் முகத்தை மிகவும் ஒத்திருந்தது.

ஊர் திரும்பிய பின்னரும் இவ்விடயம் எம்மை விடவில்லை. ஒசாக்கா நகரத்துச் சுரங்க ரயில் சாரதிகள் இருவர் தொடுத்த வழக்கைப் பற்றி அறிந்தோம். அந்நகரின் போக்குவரத்துப் பிரிவு 2012 ஆம் ஆண்டில் ஊழியர் முகம் மழித்து வரவேண்டும் என்று விதித்தது. தாடி வைத்திருந்தமையால் அச்சாரதிகளின் பணி மதிப்பீடு குறைக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம், தாடி வைத்தலும் வையாமையும் ஒருவரது சொந்தச் சுதந்திரத்தைச் சார்ந்தவை என்று கூறி, இருவருக்கும் மொத்தமாக 4,40,000 யென் செலுத்துமாறு நகரத்துக்குக் கட்டளையிட்டது. அதே ஆண்டில் மேல் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. ஆயினும் ஊழியர் துப்புரவாகத் தோன்றவேண்டும் என்று வேண்டிக்கொள்வதை அந்நீதிமன்றம் பிழையெனக் கொள்ளவில்லை. தாடியை மாத்திரம் காட்டி ஒருவரது மதிப்பைக் குறைத்ததையே பிழையென்றது. அன்று எம்மை அழைத்துத் தேநீர் தந்த பிரதி அதிபர், ஐந்தாண்டு முன்னரே அத்தீர்ப்பைத் தம் அறையில் வழங்கிவிட்டார் என்று எமக்குத் தோன்றியது.

கேளாது கட்டளையிடுவதனால் விளையும் கேட்டை வரலாறும் காட்டுகின்றது. சென்னைப் படையைச் சேர்ந்த சிப்பாய்கள் நெற்றிக் குறி இடலாகாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆங்கில அதிகாரிகள் விதித்தனர். அவ்விதிகளும் காரணமாகவே 1806 ஆம் ஆண்டு யூலை 10 ஆம் திகதி வேலூர்க் கோட்டையிலே கிளர்ச்சி மூண்டு, இரு பக்கத்தும் இரத்தம் சிந்தப்பட்டது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பின்னர் சிறை வைக்கப்பட்டு, 1832 ஆம் ஆண்டில் உயிர் நீத்ததும் அதே கோட்டையில்தான்.

இவ்வளவும் கூறியமையால், கல்லூரி விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று நாம் வாதிடுவதாக மாணவர்கள் மகிழ வேண்டா. சீருடையும் சீரான தோற்றமும் ஒரு பாடசாலைக்கு வேண்டியவை என்பதே இன்றும் எமது கொள்கை. நாளைக் காலையும் வாயிலிலே நிற்போம். ஆனால் ஊர் திரும்பிய நாள் முதல் ஒன்றை மாற்றிக்கொண்டோம். தாடியுடன் வருபவரைத் தனியே அழைத்து, “தம்பி, வீட்டிலே ஏதும் விசேடமோ?” என்று முதலிற் கேட்கின்றோம். பெரும்பாலோர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, “மறந்துபோனன் சேர்” என்பர்; அவர்கள் சவரஞ் செய்துகொண்டு வருவர். ஒருவர் இருவர் நிலத்தைப் பார்ப்பர். அவர்களது தோளிலே கை வைத்து உள்ளே அனுப்புகின்றோம். இதற்குச் செலவாகும் நேரம் அரை நிமிடம்.

இம்மலர் கடல் கடந்தும் செல்லும் என்று அறிகின்றோம். அன்று வாயிலிலே நின்ற அம்மாணவர் இன்று எந்நாட்டிலே, எத்தொழிலிலே இருக்கின்றாரோ யாம் அறியோம். அவரது பெயரை எழுதி அவரை இரண்டாம் முறை சபை நடுவே நிறுத்த விரும்பவில்லை. அவர் இவ்வரிகளைப் படிப்பாராயின், தம்மையே குறித்தவை என்று உணர்ந்துகொள்வார்.

தம்பி, அன்று உமது தந்தையாருக்காக நீர் சுமந்திருந்ததை, யாதென்று கேளாமலே களையச் செய்தோம். ஊரார் சிரிக்கவும் வைத்தோம். பிழை எம்முடையது. பொறுத்துக்கொள்ளும். கல்லூரிக்கு என்றேனும் வருவீராயின் அவ்வாயிலிலேயே உம்மை எதிர்கொள்வோம். தாடியோடு வந்தாலும், மழித்து வந்தாலும், முதலிலே உமது தந்தையாரைப் பற்றிக் கேட்போம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!